முப்பத்தேழு விநாடி

கடலோர ஊரில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் நீச்சல் தெரிந்திருக்கும் என்று உள்நாட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுச்சேரிக்கு வரும் நம் உறவினர்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்த நம்பிக்கையையும் கொண்டுவந்து இறக்குவது வழக்கம். உண்மை வேறு. கடலில் நீந்துகிறவர்கள் மீனவர்கள். நம் போன்ற படித்த குடும்பத்தார் மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் உலாவுவோம். கடலைக் கண்ணாரப் பார்ப்போம். மாசி மகத்தன்று கணுக்கால் வரையில் நனைத்துக்கொள்வோம். அத்துடன் சரி. நாம் குடியிருப்பது உப்பளத்தில். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வீசுகிறது. ஆயினும் நம் தெருவில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

காரணம் கேட்டால், "நீச்சல் என்றால் சாமானியமா? அதற்கு நல்ல தேகக் கட்டு வேண்டுமே!" என்பார்கள். கையும் காலும் திடமாக உள்ளவர்களே இப்படித் தயங்குகிற விஷயத்தில், கால்கள் இரண்டும் சொன்னபடி கேளாத ஒரு மனிதர் இறங்கினார். இறங்கியதோடு நில்லாமல், தம் நிலையில் உள்ளவர்கள் அதுவரை உலகில் எங்கும் நீந்தாத வேகத்தில் நீந்திக் காட்டித் தங்கப் பதக்கத்தோடு தாயகம் திரும்பினார். அவர் இந்தியர், ராணுவச் சிப்பாய். பெயர் முரளிகாந்த் பேட்கர்.

"யார் அந்தப் பேட்கர்?" என்று நேயர்களில் பலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்க நேர்ந்திருப்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பள்ளிக்கூடங்களில் பொது அறிவுப் போட்டி நடக்கும்போது தவறாமல் வருகிற ஒரு கேள்வி உண்டு. "ஒலிம்பிக் பந்தயத்தில் தனிநபர் தங்கப் பதக்கம் வென்ற முதல் இந்தியர் யார்?" கேள்வி முடியுமுன்பே பத்துக் கைகள் உயரும். "அபினவ் பிந்த்ரா! 2008! பெய்ஜிங்! துப்பாக்கி சுடுதல்!" விடை சரியானதே, மார்க்குக் குறைக்க இடமில்லை. ஆனால் அதே மூச்சில், "பாராலிம்பிக் பந்தயத்தில் முதல் தங்கம் வென்ற இந்தியர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். உயர்ந்த கைகள் மெதுவாக இறங்கும். பிந்த்ராவுக்கு 36 வருஷங்களுக்கு முன்பே, 1972-ஆம் வருஷத்தில், ஒரு இந்தியர் தனி ஒருவராக நின்று உலக அரங்கில் தங்கம் வென்றார் என்பது நம் குழந்தைகளின் காதில் விழவில்லை. குழந்தைகளுக்கு யாராவது சொன்னால் அல்லவா விழும்?

* * *

மஹாராஷ்டிரத்தில் ஸாங்க்லி ஜில்லா. அங்கே இஸ்லாம்பூருக்கு அருகில் உள்ள பேட் என்ற ஊரில் பிறந்தவர் பேட்கர். அந்தப் பக்கம் குஸ்திக்குப் பேர்போன பிரதேசம். பேட்கரும் சிறு வயதில் குஸ்தி பழகினார். பிறகு ராணுவத்தின் சிறுவர் படையில் சேர்ந்தார். ஈ.எம்.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் யந்திர, மின் பொறியியல் பிரிவில் சிப்பாயானார். குஸ்திக் கைகள் அங்கே குத்துச்சண்டைக் கைகளாயின. ராணுவத்துக்குள் நல்ல குத்துச்சண்டை வீரர் என்று பெயர் எடுத்தார்.

1965-ஆம் வருஷத்து யுத்தம் வந்தது. எல்லைப்புறத்தில் இருந்த பேட்கரின் உடலில் குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகெலும்பை ஒட்டித் தங்கிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் கால்கள் செயலிழந்தன. குத்துச்சண்டை மேடையில் சுழன்று சுழன்று ஆடிய இளைஞர், படுக்கையில் புரண்டு படுக்கவும் பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார்.

காயம்பட்ட சிப்பாய் என்றால் என்ன என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்த 'சொல்தா'க்களின் குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். கடற்கரைச் சாலையில், யுத்தத்தில் மாண்டவர்களுக்காகப் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நினைவுச் சின்னம் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நமக்கு ஒரு எண்ணம் தோன்றுவதுண்டு. மாண்டவனுக்குக் கல்லும் மாலையும் உண்டு. மாளாமல், பாதி உடலோடு திரும்பி வந்தவனுக்கு என்ன உண்டு? பென்ஷன் உண்டு, நியாயந்தான். ஆனால் இருபது வயது இளைஞன் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பான்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் விடை தேடினார். லுட்விக் குட்மன் என்பது அவர் பெயர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறிய யூதர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவை அவர் பொறுப்பில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அத்தகைய நோயாளிகளைப் பற்றி வைத்திய உலகம் நம்பிக்கை இழந்திருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீரக நோயும் அவர்களைச் சீக்கிரமே கொண்டுபோய்விடும் என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். குட்மன் அதை ஏற்கவில்லை. நோயாளிகளைப் படுக்கையில் கிடக்க விடாமல் புரட்டினார், உட்கார வைத்தார், கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29-ஆம் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே தினத்தில், தம் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அந்த 16 பேரில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. எல்லாரும் படையில் சேவை செய்து காயமுற்றவர்கள். அந்தச் சிறு விதைதான் 1960-இல் ரோமாபுரியில் பாராலிம்பிக் என்ற விருட்சமாக எழுந்தது.

பம்பாயில் அஸ்வினி என்ற கடற்படை ஆஸ்பத்திரியில் பேட்கருக்குச் சிகிச்சை நடந்தது. குட்மன் கண்ட வழியே அங்கும் கைகொடுத்தது. உடற்பயிற்சிச் சிகிச்சையின் ஓர் அங்கமாக அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். மருந்தாக ஆரம்பித்த நீச்சல் நாளடைவில் பந்தயமாயிற்று. 1968-இல் டெல் அவீவ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது. பேட்கர் அங்கே மேஜைப் பந்து ஆடினார். 1970-இல் எடின்பரோ நகரில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். ஈட்டி எறிவதிலும் குண்டு எறிவதிலும் கூடப் பதக்கங்கள் பெற்றார். இந்தப் பிரயாணங்களுக்குப் பணம் வேண்டுமே! கிரிக்கெட் உலகம் நன்கறிந்த விஜய் மெர்ச்சண்ட் இதில் பேருதவி செய்தார். தேசத்தின் பெயரைச் சட்டையில் தாங்கிச் செல்லும் சிப்பாய்க்கு, ஒரு தனிமனிதரின் தர்ம சிந்தனை டிக்கட் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

* * *

கால் செயலிழந்தவர் எப்படி நீந்த முடியும் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. நாம் வகுப்பில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். ஆகையால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் கரும்பலகையின் பக்கம் திரும்ப நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கிய எந்தப் பொருளையும் தண்ணீர் மேலே தள்ளுகிறது. அந்தப் பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான பலத்தோடு தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்கர் சொன்ன இந்தச் சட்டத்தில் சலுகையும் இல்லை, பாரபட்சமும் இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்றால் கால்களின் மேல் விழும் பாரம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கழுத்தளவு நின்றால் அதுவும் இல்லை. பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. தரையில் தம்மைத் தூக்கி நிறுத்த இருவரும் ஒரு நாற்காலியும் வேண்டியிருந்த மனிதரைத் தண்ணீர் ஒருவர் உதவியும் இல்லாமல் தாங்குகிறது. கடல் நீராயிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவே தாங்கும். உப்பின் மகிமை அது.

தாங்குவது தண்ணீரின் வேலை. முன்னே செல்வது நீந்துகிறவனின் வேலை. பிரீஸ்டைல் என்ற விரைவு நீச்சலில் உடலை முன்னே இழுத்துச் செல்கிற பலத்தில் மிகப் பெரும் பகுதி கைகளிலிருந்தே வருகிறது. கால்களின் பங்கு கொஞ்சந்தான். ஆனால் கால்கள் இன்னொரு காரியம் செய்கின்றன. அடித்துக்கொண்டே இருப்பதால் இடுப்பை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, உடலை ஒரே நேர்கோட்டில் வைக்கின்றன. கால் அசையாதவருக்கு இந்த உதவி இல்லை. கால்கள் கீழே தொங்கித் தண்ணீரைத் தடுக்கும். படகுக்குப் பின்னால் நங்கூரத்தை இழுத்துச் செல்வது போல ஆகும். அந்த நங்கூரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியவை தோள்கள். குஸ்தியிலும் குத்துச்சண்டையிலும் உரம் ஏறிய பேட்கரின் தோள்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன.

இந்நாளில் பாராலிம்பிக் நீச்சலுக்கு விரிவான விதிகள் இருக்கின்றன. உடற்குறையின் தன்மைக்கு ஏற்ப வீரர்களை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். உடல் ஊனத்துக்கு மட்டும் பத்து வகுப்புகள். செயற்கைக் கால், செயற்கைக் கை எதையும் அணிந்து தண்ணீரில் இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் கரையில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளபடியே இறங்க வேண்டும். நின்று குதிக்க முடியாதவர் உட்கார்ந்து புறப்படலாம். அதுவும் முடியாதவர் தண்ணீருக்குள்ளிருந்தே புறப்படலாம். இரு கைகளும் இல்லாத வீரர்கள், கரையில் நிற்கும் உதவியாளர் பிடித்திருக்கும் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு புறப்படுவதையும், முடிவில் தலையால் சுவரை முட்டிப் பந்தயத்தை முடிப்பதையும் படக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண் தெரியாதவர்களுக்குச் சுவர் நெருங்குகிறது என்று அறிவிக்க, நுனியில் மெத்தை கட்டிய நீண்ட கோலால் ஒருவர் தட்டுகிறார். இவ்வளவும் பார்க்கும்போது பரிதாபம் தோன்றுவதில்லை. "சபாஷ்!" என்றுதான் வாயில் வருகிறது.

* * *

1972 ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்ற பழைய கல்லூரி நகரம். 50 மீட்டர் பிரீஸ்டைல் நீச்சல். பேட்கர் 37.33 விநாடியில் முடித்தார். அது தங்கப் பதக்கம். அதோடு அவருடைய பிரிவில் உலக சாதனை. அந்த வருஷத்துப் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான். ஈட்டி எறிதல் முதலிய வேறு பந்தயங்களிலும் அவர் இறுதிச் சுற்றுவரை சென்றார்.

முப்பத்தேழு விநாடி என்றால் எவ்வளவு என்று மனத்தில் படுவதில்லை அல்லவா? நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 50 மீட்டரை 37.33 விநாடியில் கடப்பது மணிக்குச் சுமார் 4.8 கிலோமீட்டர் வேகம். நம் கடற்கரைச் சாலையில், டாக்டர் சொன்னாரே என்பதற்காகக் கொஞ்சம் விரைந்து நடக்கிறவர்களின் வேகம் ஏறக்குறைய அவ்வளவுதான்! சக்கர நாற்காலியில் வந்த மனிதர் தண்ணீரில் இறங்கியதும், இரண்டு கால்களும் உள்ள நாம் தரையில் நடக்கிற அதே நடையில் சென்றிருக்கிறார். குண்டு பறித்துக்கொண்ட நடையை அவர் தண்ணீரிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார் என்று நமக்குத் தோன்றியது. நேயர்கள் அடுத்த முறை உலாவப் போகும்போது ஐம்பது மீட்டர் தூரத்தை உத்தேசமாக அளந்துகொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி நடந்து பார்க்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போகட்டும். ஒரு பக்கப் பாடத்தைவிட அது நன்றாகப் புரியும்.

தண்ணீர் தன் தீர்ப்பை முப்பத்தேழு விநாடியில் சொல்லிவிட்டது. கரையின் தீர்ப்பு எவ்வளவு காலத்தில் வந்தது என்பதுதான் இனிச் சொல்ல வேண்டிய கதை.

அந்தப் பந்தயங்கள் ஹைடல்பர்க்கில் நடந்ததற்கே ஒரு காரணம் உண்டு. அவ்வருஷத்து ஒலிம்பிக் மியூனிக் நகரில் நடந்தது. பாராலிம்பிக்கும் அங்கேயே நடந்திருக்க வேண்டும். ஆனால் வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய வீடுகளை ஒலிம்பிக் முடிந்ததும் குடியிருப்புகளாக மாற்ற ஏற்பாடாகியிருந்ததால், சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. செல்வமும் நுட்பமும் நிறைந்த நாட்டிலேயே கரை இப்படித்தான் இருந்தது.

நம் நாட்டுக் கரையோ இன்னும் மெதுவாக நகர்ந்தது. விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்கும் அர்ஜுனா விருது 1961-லேயே ஏற்பட்டுவிட்டது. பேட்கர் அதற்காக முயன்றும் அன்று அது கிடைக்கவில்லை. அவர் யாரிடமும் போய் அழுதுகொண்டு நிற்கவில்லை. புனாவில் டாடா கம்பெனியின் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கௌரவமாகக் குடும்பம் நடத்தினார். 2018-ஆம் வருஷத்தில் பத்மஸ்ரீ விருது வந்தது. 2024-இல் அவர் வாழ்க்கையை வைத்து 'சந்து சாம்பியன்' என்ற ஹிந்தி சினிமாப் படம் வந்தது. 2025 ஜனவரியில் வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது கையில் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி இருந்தது. பதக்கத்துக்கும் பத்மஸ்ரீக்கும் இடையே 46 வருஷம். பதக்கத்துக்கும் அர்ஜுனாவுக்கும் இடையே 52 வருஷத்துக்கு மேல்!

விருது தாமதித்தால் என்ன, உடம்பில் ஒட்டவா போகிறது என்று சிலர் கேட்கலாம். பேட்கரைப் பொறுத்தவரை அது சரியாயிருக்கலாம். ஆனால் விருது வாங்குகிறவருக்கு மட்டும் உரியதல்ல. பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் உரியது. 1972-இல் அந்தப் பெயர் பாடப் புத்தகத்தில் ஏறியிருந்தால், காலில் இரும்புக் கட்டையோடு பள்ளிக்கூடம் போன எத்தனை குழந்தைகள் அதைப் படித்திருப்பார்கள்! அடுத்த பாராலிம்பிக் தங்கத்துக்கு 2004-ஆம் வருஷம் வரையில், தேவேந்திர ஜஜாரியா ஏதன்ஸ் நகரில் ஈட்டி எறியும் வரையில், 32 வருஷம் தேசம் காத்திருக்க நேர்ந்திருக்குமா? அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மாறிவிட்டது என்பதையும் சந்தோஷத்தோடு சொல்ல வேண்டும். சேலம் ஜில்லாவின் மாரியப்பன் தங்கவேலு 2016-இல் உயரம் தாண்டுவதில் தங்கம் வென்றார். 2024-இல் பாரிஸில் நம் வீரர்கள் 7 தங்கம் உள்பட 29 பதக்கங்களை அள்ளி வந்தார்கள். ஆனால் நீச்சலில் மட்டும் 1972-க்குப் பிறகு பாரிஸ் வரையில் இன்னொரு பாராலிம்பிக் பதக்கம் வரவில்லை.

வீரர்கள் இல்லாததால் அல்ல. வங்காளத்து மசூதுர் ரஹ்மான் வைத்யா சிறு வயதில் ரயில் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்தவர். 1997-இல் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். 2001-இல் ஜிப்ரால்டர் ஜலசந்தியையும் கடந்தார். பெங்களூர் சரத் கெய்க்வாட் இடது கை குறையோடு பிறந்தவர். 2014-இல் இன்ச்சியான் நகரில் நடந்த ஆசியப் பந்தயத்தில் அவர் ஒருவரே ஆறு பதக்கங்கள் பெற்றார். நம் சென்னையில் மாதவி லதா என்ற அம்மையார் இருக்கிறார். தெலுங்கு தேசத்தில் பிறந்து, கைக்குழந்தையாயிருக்கும்போதே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். பாங்க் உத்தியோகத்துக்காகச் சென்னை வந்தவர். நடுவயதில் முதுகெலும்பு வளைந்து மூச்சுப் பைகளை நெருக்கத் தொடங்கியபோது, சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கினார். நாற்பது வயது வாக்கில் நீச்சல் கற்றுக்கொண்டு, 2011-இல் தேசியப் போட்டியிலேயே பதக்கம் வென்றார். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தம்மைப் போன்ற பிறரையும் தண்ணீருக்கு அழைத்துவர ஸ்தாபனம் அமைத்து உழைத்தார்.

கடல் கடந்த ஒரு உதாரணமும் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் நடாலி டு தாய் என்ற நீச்சல் வீராங்கனை 2001-இல் பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது விபத்தில் இடது காலை இழந்தார். 2008 பெய்ஜிங்கில், பாராலிம்பிக்கில் மட்டுமல்ல, ஒலிம்பிக்கிலேயே 10 கிலோமீட்டர் நீச்சலில், இரு கால்களும் உள்ளவர்களோடு ஒற்றைக் காலோடு நீந்தி 16-ஆவதாக வந்தார். தண்ணீர் அவரிடமும் கால் எத்தனை என்று கேட்கவில்லை.

* * *

இவ்வளவும் எழுதியது தூரதேசத்து வீரர்களைப் புகழ்வதற்காக மட்டும் அல்ல. நம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். பக்கத்தில் வம்பாகீரப்பாளையத்து மீனவக் குடும்பம். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. பாதமும் உள்ளே மடங்கியிருக்கும். விளையாட்டு நேரம் வந்தால் மற்றப் பையன்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள். இவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அத்தனை பேருடைய பைகளையும் காவல் காப்பான். யாரும் அவனைக் கடிந்து சொல்லவில்லை; அன்போடுதான் உட்கார வைத்தார்கள். "நீ வெயிலில் அலையாதேடா, கண்ணா" என்பார்கள். வருஷத்துக்கு வருஷம் பைகள் பெரியவையாயின, பையனும் பெரியவனானான், மரத்தடி மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் அவனுடைய தாய்மாமன் ஏதோ சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தார். பேச்சுவாக்கில், "பையன் விளையாட்டில் சேர்வதில்லை, கால் அப்படி இருக்கிறதே" என்றோம். அவர் நம்மை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"யாரு, எங்க பையனா சார்? ஞாயித்துக்கிழமை ஆனா என்னோட கட்டுமரத்துல வர்றான். இடுப்புல கயித்தைக் கட்டித் தண்ணியில விட்டா மேல ஏறவே மாட்டேங்கறான். கடல்ல இறங்கினவனுக்குக் காலு எதுக்கு சார்? கையும் மூச்சும் இருந்தாப் போதும்."

நமக்குப் பேச்சு எழவில்லை. பௌதிகப் பட்டம் பெறாத ஒருவர் ஆர்க்கிமிடீஸ் சட்டத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆறு நாள் மரத்தடியில் ஊனமுற்றவனாக உட்கார்ந்திருக்கும் பையன், ஏழாம் நாள் கடலில் நீச்சல்காரனாக இருக்கிறான்! இரண்டும் ஒரே பையன், ஒரே கால். இடந்தான் வேறு.

அதன்பின் அவனை முறையாகப் பயிற்றுவிக்க ஒரு நீச்சல் குளத்தை நாடினோம். குளம் எங்கே இருக்கிறது, யாருடையது என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். "ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, சார்?" என்று கேட்டார்கள். உடை மாற்றும் அறைக்கு ஏழு படி ஏற வேண்டும். குளத்தில் இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. அவனுக்கு அவற்றை ஏறி இறங்கத் தெம்பு இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பையனுடைய தாயாரும் பயந்தார். "கடலு எங்களுக்குத் தெரிஞ்ச கடலு. இந்தக் குளம் எப்படியோ?" என்றார். அவனுடைய நீச்சல் இன்றும் ஞாயிற்றுக்கிழமையோடும் மாமன் கையிலிருக்கும் கயிற்றோடும் நிற்கிறது. அவன் பந்தயத்தில் வெல்வானா மாட்டானா என்பது நமக்குத் தெரியாது. அவனை ஒரு தடவை கடிகாரத்தோடு நீந்த விட்டால் அல்லவா தெரியும்?

நம் கடல் அழகானது. ஆனால் சாதுவானது அல்ல. கல்லும் சுழலும் ஆண்டுதோறும் உயிர் வாங்குகின்றன. ஆகையால் குழந்தைகளைக் கடலில் தள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதற்காகத்தான் குளமும் பயிற்சியாளரும் வேண்டும் என்கிறோம்.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் 2 கோடியே 68 லட்சம் பேர் உடற்குறையோ புலன் குறையோ உள்ளவர்கள். முன்பு அவர்களை ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத் திறனாளிகள் என்கிறோம். நல்ல பெயர்தான். ஆனால் பெயரை மாற்றுவது சுலபம். மாடிப்படியை மாற்றுவது சிரமமாக இருக்கிறது. 2016-இல் இயற்றிய சட்டம், பொதுக் கட்டடங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டில் அவர்கள் பங்கு பெற வசதி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் சொல்லியாயிற்று, கொத்தனார்தான் இன்னும் வரவில்லை.

உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. மாலை வேளையில் அங்கே பந்தாடும் பிள்ளைகளின் கூச்சல் நம் வீடு வரையில் கேட்கும். அந்தக் கூச்சலில் மரத்தடிப் பிள்ளைகளின் குரலும் கலக்க வேண்டும் என்பதே நம் ஆசை. கேட்பது பெரிய காரியம் அல்ல. நம் ஊரில் ஒரு நீச்சல் குளத்துக்காவது படிக்குப் பதில் சரிவான பாதை. மூன்றடி அகலமுள்ள கதவு. ஏணிக்குப் பக்கத்தில் கைப்பிடி. வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், இந்தக் குழந்தைகளுக்கென்று ஒரு மணி நேரம். இதற்கு ஆகும் செலவு, ஒரு பதக்கம் வந்தபின் நாம் வெடிக்கிற பட்டாசுச் செலவைவிட அதிகமாயிராது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் சரியில்லாத குழந்தையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது பாசந்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசம் குழந்தையிடம், "உன்னால் முடியாது" என்று தினமும் பேசாமல் பேசிக்கொண்டிருக்கிறது. வைத்தியரைக் கேளுங்கள், தகுந்த துணையோடு தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். எல்லாக் குழந்தையும் ஹைடல்பர்க்குக்குப் போக வேண்டியதில்லை. தரையில் விழுந்து விழுந்து எழுகிற குழந்தை, விழவே முடியாத ஓர் இடம் உலகத்தில் உண்டு என்று ஒரு மாலைப்பொழுது தெரிந்துகொண்டால் போதும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அது வேறு குழந்தையாக வரும்.

முரளிகாந்த் பேட்கர் 37.33 விநாடி நீந்தினார். தேசம் அவரை வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. அடுத்த பேட்கர் இப்போது எந்த மரத்தடியில் பை காத்துக்கொண்டிருக்கிறானோ, எந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாளோ! அவர்களையும் அவ்வளவு காலம் காக்கவைப்பது சுதந்திர தேசத்துக்கு அழகல்ல. தண்ணீர் எப்போதும் போல் தயாராக இருக்கிறது. கரையைச் செப்பனிட வேண்டியவர்கள் நாம்.